ராஜா இல்லாத ஊரில் பெரிய ஆள், சின்ன ஆள்: அமெரிக்க வரலாற்றில் ஒரு சந்தேகம்

கேள்வி: கொழுந்துக்கூடை, மூணாறு

வணக்கம். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பகலில் எஸ்டேட் கிரெஷில் வேலை, படிப்பெல்லாம் ராத்திரிதான். செமினாருக்கு எனக்கு விழுந்த தலைப்பு, குடியேற்றக் கால அமெரிக்காவிலும் குடியரசின் ஆரம்ப வருடங்களிலும் இருந்த சமூக வகுப்புகள். எங்கள் டீச்சர் நல்ல மனுஷி. ஆனால் "அங்கே ராஜா இல்லை, பிரபு இல்லை, நிலம் கொட்டிக் கிடந்தது, அதனால் வகுப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அப்படியே எழுதி முடித்துவிடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

காரணம் பாடப்புத்தகத்தில் வருகிற ஒரு வரி. கப்பல் கூலி கட்ட வழியில்லாதவர்கள் 4 முதல் 7 வருடம் வேலை செய்து கழிப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்களாம். படித்ததும் எங்கள் பாட்டிதான் நினைவுக்கு வந்தது. பாட்டியின் அப்பாவைக் கங்காணி முன்பணம் கொடுத்து, போடியிலிருந்து மலை ஏற்றிக் கூட்டி வந்தார். அந்த முன்பணம் எப்போது தீர்ந்தது என்று கேட்டால் பாட்டி பதில் சொல்லாது, சிரிக்கும்.

அமெரிக்காவுக்கு வந்த அந்தக் கூலிகளும் எங்கள் கங்காணிக் கூலிகளும் ஒன்றுதானா? 1776-இல் எல்லா மனிதரும் சமம் என்று எழுதினார்களே, அந்த "எல்லா"வுக்குள் யார் யார் இருந்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கிலீஷ் புத்தகம் பேர் மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள், எனக்கு நேரமில்லை.

பதில்: பாலைக்காட்டு வெயில், சித்தூர்

சகோதரி, உங்கள் டீச்சர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளினை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனில் மெழுகுவர்த்தி காய்ச்சி விற்றவரின் பதினைந்தாவது பிள்ளை. 12 வயதில் சொந்த அண்ணனின் அச்சகத்திலேயே எழுதிக் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தார். 1723-இல் அங்கிருந்து ஓடிப்போய் பிலடெல்பியாவில் இறங்கியபோது பையில் சில்லறைதான். 1748-இல், 42 வயதில், இனி சம்பாதிக்க வேண்டாம் என்று தொழிலிலிருந்தே ஒதுங்கும் அளவுக்கு வசதி வந்துவிட்டது. நம் பக்கத்தில் அன்றைக்கு இது நடக்குமா? பிரபுப் பட்டம் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தவர்கள் அவர்கள். ஏற்றத்தாழ்வு இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏணி இருந்தது.

பதில்: பழைய வாத்தியார், வண்டிப்பெரியார்

மகளே, நான் எஸ்டேட் ஸ்கூலில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்தி ரிட்டயர் ஆனவன். கொஞ்சம் நீளமாகப் போகும், செமினார் என்பதால் பொறுத்துக்கொள்.

முதலில் வர்ஜீனியாவில் யார்க் கவுண்டி கோர்ட்டுக்கு ஒரு நடை போவோம். வருடம் 1674. ஜேம்ஸ் புல்லக் என்று ஒரு தையல்காரர், மேத்யூ ஸ்லேடர் என்ற பெரிய மனிதரின் குதிரையோடு தன் குதிரையைப் பந்தயம் விட்டார். பந்தயம் 2,000 பவுண்டு எடை புகையிலை. அங்கே அப்போது புகையிலைதான் காசு. விவகாரம் கோர்ட்டுக்கு வந்தது. குதிரைப் பந்தயம் ஜென்டில்மேன்களுக்கு மட்டும் உரிய விளையாட்டு, கைவேலைக்காரன் இறங்கியது சட்டவிரோதம் என்று சொல்லி, தையல்காரருக்கு 100 பவுண்டு புகையிலை அபராதம் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய மனிதர் தன் குதிரையை ஒதுக்கி ஓட்டித் தையல்காரரை ஜெயிக்க வைப்பதாக முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். அந்தத் திருட்டுக்கு அவரை ஒரு மணி நேரம் தொழுமரத்தில் மாட்டி உட்கார வைத்தார்கள். புல்லக் செய்த குற்றம் தன் தகுதியை மறந்தது. இத்தனைக்கும் அந்த ஊரில் ராஜாவும் கிடையாது, ஜமீனும் கிடையாது.

மாசசூசெட்ஸ் பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். 1631-இல் ஜோசியாஸ் பிளாஸ்டோ என்பவர் செவ்விந்தியர்களிடமிருந்து நாலு கூடை சோளம் திருடிவிட்டார். எட்டுக் கூடையாகத் திருப்பிக் கொடு, 5 பவுண்டு அபராதம் கட்டு என்றது கோர்ட். அதோடு விடவில்லை. இனிமேல் இவரை யாரும் மிஸ்டர் போட்டு அழைக்கக் கூடாது, வெறும் ஜோசியாஸ் என்றே கூப்பிட வேண்டும் என்றும் தீர்ப்பு எழுதினார்கள். கூட இருந்த இரண்டு பேருக்குச் சவுக்கடி. மரியாதை இருந்தவனுக்கு மரியாதை போயிற்று, இல்லாதவர்களுக்கு முதுகுத்தோல் போயிற்று. 1651-இல் அங்கேயே ஒரு உடைச் சட்டம் வந்தது. 200 பவுண்டு சொத்து இல்லாதவர்கள் தங்க, வெள்ளிச் சரிகை வைத்துத் தைக்கக் கூடாது, பெண்கள் பட்டு முக்காடு போடக் கூடாது. ஹார்வர்டு காலேஜில் 1770-களின் ஆரம்பம் வரை பையன்கள் பெயரை மார்க்கை வைத்து வரிசைப்படுத்தவில்லை, குடும்ப அந்தஸ்தை வைத்துத்தான் வரிசைப்படுத்தினார்கள். சர்ச்சில் யார் எந்த பெஞ்சில் உட்காருவது என்பதற்குத் தனிக் கமிட்டியே இருந்தது.

சரி, உன் கூலி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆள் கொண்டுவந்து இறக்கினால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்று வர்ஜீனியாவில் 1618-லேயே ஒரு ஏற்பாடு உண்டு. அந்த 50 ஏக்கர் யாருக்கு? வந்தவனுக்கு இல்லை, கப்பல் கூலி கட்டியவனுக்கு. வேலைக்கு ஆளும் கிடைத்தது, நிலமும் கிடைத்தது. வந்தவன் கெடு முடியும்வரை எஜமான் சொத்து மாதிரிதான், பத்திரத்தோடு அவனை இன்னொருவருக்கு விற்கலாம். கல்யாணம் செய்யவும் எஜமான் உத்தரவு வேண்டும். ஓடிப்போய்ப் பிடிபட்டால் கெடு நீளும். வேலைக்காரப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தாலும் நீளும். 1623-இல் ரிச்சர்டு பிரெத்தோர்ன் என்ற பையன் வர்ஜீனியாவிலிருந்து இங்கிலாந்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கஞ்சியைத் தவிர ஒன்றும் இல்லை, என்னை மீட்டுக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் விற்கிற மாதிரி கொஞ்சம் சீஸாவது அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறான். கெடு முடிவதற்குள் காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம்.

பிழைத்தவன் கதைதான் உனக்கு முக்கியம். கெடு முடிகிற அன்றைக்கு அவன் கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்று பார். மேரிலாந்தில் 1640-இல் போட்ட சட்டப்படி ஒரு நல்ல துணி சூட், ஒரு சட்டை, புது ஜோடி காலுறையும் செருப்பும், இரண்டு மண்வெட்டி, ஒரு கோடாலி, மூன்று பீப்பாய் சோளம், அப்புறம் 50 ஏக்கர் நிலம். இந்தக் கடைசி அயிட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஆரம்பத்தில் வந்து உயிர் தப்பியவர்களில் சிலர் நிலக்காரர்களாகி, ஜூரியில் உட்கார்ந்து, சட்டசபைக்கே போனார்கள். சித்தூர்த் தம்பி சொன்ன ஏணி அந்தக் கொஞ்ச காலம் நிஜமாகவே இருந்தது.

அப்புறம் ஆற்றோர நிலத்தைப் பெரிய கைகள் வளைத்துவிட்டன. 1732-இல் செத்த ராபர்ட் கார்ட்டர் என்பவரிடம் மட்டும் சுமார் 3 லட்சம் ஏக்கர். கெடு முடிந்தவனுக்கு மிச்சம் இருந்தது செவ்விந்தியர் எல்லையோரக் காடு, இல்லையென்றால் குத்தகை. 1676-இல் இந்தக் கோபம் வெடித்தது. நத்தேனியல் பேக்கன் கவர்னரை எதிர்த்துக் கிளம்பி ஜேம்ஸ்டவுனையே கொளுத்தினார். பேக்கன் ஒன்றும் ஏழையில்லை, அவரும் பெரிய நிலக்காரர்தான். செவ்விந்தியர்களைக் கொல்லக் கவர்னர் அனுமதிக்கவில்லை என்பதுதான் அவர் சண்டையின் தொடக்கம். அதனால் அவரை ஏழைப் பங்காளன் என்று எழுதிவிடாதே. ஆனால் அவர் பின்னால் போன கூட்டத்தைக் கவனி. கடைசிவரை ஆயுதத்தைக் கீழே போட மறுத்தவர்களில் கறுப்பர் 80 பேர், வெள்ளையர் 20 பேர் என்று கணக்கு இருக்கிறது. பெரிய வீட்டுக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது இந்தச் சேர்க்கைதான்.

அதற்குப் பதில் மாதிரி வந்தது வர்ஜீனியாவின் 1705 சட்டம். வேலைக்காரர், அடிமை இரண்டு பேரைப் பற்றியும் ஒரே சட்டம். அதை வரி வரியாகப் படி. கெடு முடிந்த வெள்ளைக்காரனுக்கு 10 புஷல் சோளம், 30 ஷில்லிங், ஒரு துப்பாக்கி கொடுக்க வேண்டும். நிலம்? பேச்சே இல்லை. வெள்ளை வேலைக்காரனை நீதிபதி உத்தரவு இல்லாமல் துணியை உரித்து அடிக்கக் கூடாது. அடிமை ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. அடிமை வளர்த்த குதிரை, மாடு, பன்றியைப் பறிமுதல் செய்து விற்று, அந்தப் பணத்தை அந்தந்தச் சர்ச் வட்டத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். கறுப்பன் வளர்த்த பன்றி வெள்ளை ஏழைக்குச் சாப்பாடு! ஒருவனுக்கு நிலத்துக்குப் பதிலாகத் துப்பாக்கியும் ஒரு படி உயரமும், இன்னொருவனுக்குக் கெடுவே இல்லாத வேலை. அம்மா அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பதை 1662-லேயே எழுதியாகிவிட்டது. 1790 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த ஜனம் 39 லட்சம், அதில் அடிமைகள் 7 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கங்காணி முறையும் இதுவும் ஒன்றா என்று கேட்டாய். கூட்டி வந்த விதத்தில் சாயல் இருக்கிறது, போகிற விதத்தில் இல்லை. அவனுக்குப் பத்திரத்தில் வருடம் எழுதியிருந்தது. நம் ஆட்களுக்கு எழுதினது கடன் மட்டும், வருடம் இல்லை. என் அப்பா ரிட்டயர் ஆனபோது லயத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். வீடு வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் பேர் பதிய வேண்டும். தங்கச்சி பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கொழுந்து கிள்ளப் போனாள். எந்த எஸ்டேட் என்பது இங்கே வேண்டாம், எங்கேயும் அதுதான் வழக்கம். செமினாரில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போ: கெடு முடிந்த அன்றைக்குக் காலுக்கடியில் மண் இருந்ததா, இல்லையா?

பிராங்க்ளின் பற்றி ஒரு வார்த்தை. எழுதிக் கொடுத்த வேலையிலிருந்து ஓடிவந்த அதே ஆள்தான் பின்னால் பத்திரிகை நடத்தினார். ஓடிப்போன வேலைக்காரர்களையும் அடிமைகளையும் பிடித்துத் தந்தால் இவ்வளவு சன்மானம் என்கிற விளம்பரங்கள் அதில் காசுக்கு வந்துகொண்டே இருந்தன. வீட்டிலும் அடிமைகள் வைத்திருந்தார். ஏணியில் ஏறியவர்தான், மறுக்கவில்லை.

பதில்: ஏலக்காய் மூட்டை, குமுளி

சார், நடுவில் ஒரு சின்னக் கேள்வி. பாஸ்டனில் கடலில் கொட்டினார்களே, அது நம் மலைத் தேயிலையா? கடைக்கு வருகிற டூரிஸ்டு ஒருத்தர் அப்படித்தான் அடித்துச் சொன்னார்.

பதில்: பழைய வாத்தியார், வண்டிப்பெரியார்

இல்லப்பா. 1773 டிசம்பர் 16-இல் கொட்டின 342 பெட்டியும் சீனத் தேயிலை. அஸ்ஸாமிலேயே தோட்டம் வந்தது 1830-களில்தான். நம் மலைக்கு வந்தது அதற்கும் வெகுநாள் கழித்து.

ஆனால் நல்ல இடத்தில் கேட்டாய். அன்று ராத்திரி கப்பலில் ஏறியவர்களில் ஜார்ஜ் ராபர்ட் ட்வெல்வ்ஸ் ஹியூஸ் என்று ஒரு செருப்புத் தைக்கிறவர் இருந்தார். மகளே, இவரை விடாதே. வகுப்பு என்பது உடம்புக்குள் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று இவரிடம்தான் தெரியும். சின்ன வயதில் ஜான் ஹான்காக்கின் செருப்பைச் சரிசெய்து கொடுத்தார். ஹான்காக் பாஸ்டனிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர். புது வருடத்தன்று வீட்டுக்கு வந்து பார் என்று அவர் சொல்லிவிட்டார். இவருக்கு உதறல். முகம் கழுவி, இருப்பதிலேயே நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு போய், முன்வாசல் கதவைத் தட்டினார். வேலைக்காரர் அவரைச் சமையல் கட்டில்தான் உட்கார வைத்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, ஒயின் வரவழைத்து, கிளாஸோடு கிளாஸ் தட்டினாராம் ஹான்காக். அப்படித் தட்டுவதை இவர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. கையில் ஒரு வெள்ளிக் காசும் கிடைத்தது. கிழவனான பிறகும் அந்த நாளை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அதே ஹியூஸ், போர் நடக்கும்போது கப்பலில் சேரப் போனார். கப்பல் பெயரும் ஹான்காக்தான். தெருவில் எதிரே வந்த லெப்டினன்ட் தொப்பியைக் கழற்று என்றான். எவனுக்கும் கழற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு கப்பலுக்குப் போய்விட்டார். நடுவில் தேயிலையைக் கொட்டியிருக்கிறார், தெருச் சண்டையெல்லாம் பார்த்திருக்கிறார், ஒரு சூட் துணிக் கடனுக்காக ஜெயிலுக்கும் போய் வந்திருக்கிறார். என்னைக் கேட்டால் 1776 சாமானியனுக்குக் கொடுத்தது இந்தத் தொப்பி விஷயம்தான், அது சின்ன விஷயம் இல்லை. நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது துரை ஜீப் வந்தால் தலைத்துண்டை இறக்கிவிட்டு ரோட்டோரம் ஒதுங்கி நிற்போம். ஆனால் ஹியூஸ் பையில் காசு ஏறவில்லை. ஏழையாகவே 1840-இல் செத்தார்.

கடன் ஜெயில் என்றதும் இன்னொருவர். புரட்சிக்குப் பணம் புரட்டிக் கொடுத்த ராபர்ட் மோரிஸ், நிலச் சூதாட்டத்தில் கவிழ்ந்து 1798 முதல் 1801 வரை பிலடெல்பியா கடன் சிறையில் இருந்தார். வாஷிங்டனே சிறைக்குப் போய் அவரோடு சாப்பிட்டார். செருப்புத் தைக்கிறவரோடு உள்ளே யார் சாப்பிட்டார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

பதில்: பாலைக்காட்டு வெயில், சித்தூர்

வாத்தியாரய்யா, பிரபு இல்லை என்று சொன்ன என்னையே உங்கள் பதில் தேட வைத்துவிட்டது. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றோரம் வான் ரென்சலர் குடும்பம் என்று ஒன்று. லட்சக்கணக்கான ஏக்கர், ஆயிரக்கணக்கில் குத்தகைக் குடும்பங்கள். வருடா வருடம் கோதுமை அளக்க வேண்டும், நாலு கொழுத்த கோழி கொடுக்க வேண்டும், ஒரு நாள் வண்டி மாட்டோடு போய்ச் சும்மா உழைத்துத் தர வேண்டும். இது இங்கிலாந்து ஆட்சிக் காலத்தில் மட்டும் இல்லை, சுதந்திரம் வாங்கி ஐம்பது அறுபது வருடம் கழித்தும் நடந்திருக்கிறது! 1839-இல் பெரியவர் செத்ததும் வாரிசுகள் பாக்கியை வசூலிக்க இறங்க, குத்தகைக்காரர்கள் சீட்டித் துணியில் அங்கி தைத்து, முகமூடி போட்டு, தகரக் கொம்பு ஊதிக்கொண்டு ஷெரீப்பை விரட்டியிருக்கிறார்கள். 1846-இல் புது மாநிலச் சாசனம் வந்துதான் அந்த மாதிரிப் பாட்டத்தை, அதாவது குத்தகையை, புதிதாகப் போடக் கூடாது என்று தடுத்தது.

எங்கள் தாத்தா சித்தூரில் பாட்டத்துக்கு உழுதவர். ஓணத்துக்கு ஜன்மி, அதாவது நிலச் சொந்தக்காரர், வீட்டுக்கு வாழைக்குலை சுமந்து போவார். 1970 ஜனவரி 1-ஆம் தேதியோடு கேரளத்தில் பாட்டம் ஒழிந்தது, உழுத வயல் எங்களுடையது ஆயிற்று. கோழிக் கணக்கைப் படித்ததும் அந்த வாழைக்குலை ஞாபகம்தான் வந்தது.

பதில்: பழைய வாத்தியார், வண்டிப்பெரியார்

தம்பி, அந்தச் சட்டம் உங்களுக்கு வயலைக் கொடுத்தது, தேயிலைத் தோட்டத்தை நில உச்சவரம்பிலிருந்து விலக்கியும் வைத்தது. அதனால்தான் நீங்கள் அங்கே நிலக்காரர், நாங்கள் இங்கே இன்னும் லயம். சண்டைக்காகச் சொல்லவில்லை, வித்தியாசம் தெரியட்டும் என்றுதான்.

கேள்வி கேட்டவர்: கொழுந்துக்கூடை, மூணாறு

சார், அண்ணா, ரொம்ப நன்றி. 1705 சட்டத்தை நடுவில் வைத்து எழுதப் போகிறேன். அந்தப் பன்றி விஷயத்தைச் சொன்னதும் டீச்சரே கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அதை விடாதே" என்றார்கள். இன்னும் ஒன்று மட்டும். ஓட்டு யாருக்கு இருந்தது? பெண்களுக்கு ஒன்றுமே இல்லையா?

பதில்: பழைய வாத்தியார், வண்டிப்பெரியார்

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வர்ஜீனியாவில் 1736 சட்டப்படி 100 ஏக்கர் தரிசு, அல்லது வீட்டோடு 25 ஏக்கர் இருந்தால் ஓட்டு. அதையும் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வேட்பாளர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். 1758-இல் வாஷிங்டன் சட்டசபைக்கு நின்றபோது ஊற்றிக் கொடுத்த சரக்கு சுமார் 160 கேலன். இதைப் படித்து யாரும் ஆச்சரியப்படமாட்டீர்கள் என்று தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு பென்சில்வேனியா 1776-லேயே வரி கட்டும் ஆண்களுக்கெல்லாம் ஓட்டுக் கொடுத்தது. மற்ற மாநிலங்கள் நிலத்தை மெதுவாகத்தான் விட்டன, வட கரோலினா 1856 வரை இழுத்தது. விட்டபோதும் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கினார்கள். நியூயார்க் 1821-இல் வெள்ளை ஆண்களுக்குச் சொத்து நிபந்தனையை எடுத்துவிட்டு, கறுப்பு ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று வைத்தது. உன் 1705 சட்டத்தின் பேரப்பிள்ளை அது, பக்கத்திலேயே வைத்து எழுது.

பெண்கள் விஷயத்தில் நியூ ஜெர்சி ஒன்றுதான் விலக்கு. 1776 சாசனத்தில் 50 பவுண்டு சொத்துள்ள குடிகள் என்று எழுதினார்கள், ஆண் என்று போடவில்லை. அதனால் கல்யாணம் ஆகாதவர்களும் விதவைகளும் ஓட்டுப் போட்டார்கள். புருஷன் இருக்கிற பெண்ணுக்குத் தன் பேரில் சொத்து இருக்க வழியில்லை, அதனால் ஓட்டும் இல்லை. 1807-இல் வெள்ளை ஆண்கள் மட்டும் என்று திருத்திவிட்டார்கள். செமினாருக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார்கள்? இடமில்லையென்றால் இதை அடிக்குறிப்பில் போடு. ஆனால் ஹியூஸின் தொப்பியை அடிக்குறிப்பில் தள்ளிவிடாதே.